ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்

பழைய டேபிள் ஃபேனின் அடிப்பாகத்தில் பல்வரிசை மாதிரி நான்கு பட்டன்கள் இருக்கும்: 0, 1, 2, 3. இரண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றை அழுத்தினால், ‘டக்’கென்று இரண்டு மேலே எழும்பும். பூஜ்யத்தை அழுத்தினால் எல்லாமே எழும்பி, ஃபேன் நின்றுவிடும். கோடை விடுமுறையில் வேலையில்லாத பிள்ளைகள் இதில் இரண்டு ‘கண்டுபிடிப்பு’களைச் செய்யாமல் இருந்ததில்லை. இரண்டு பட்டன்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டுமே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஒரு பட்டனைப் பாதி மட்டும் அழுத்தி விட்டால், உள்ளே இருந்தது எழும்பிவிடும், அழுத்தியதும் உட்காராது. அதற்கு வாங்கிய திட்டு தனிக்கணக்கு.

அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் எளிது. எல்லாப் பட்டன்களுக்கும் குறுக்கே ஸ்பிரிங் வைத்த ஒரு தகடு ஓடுகிறது. வேகப் பட்டன் ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு சாய்வு, அதற்குமேல் ஒரு பள்ளம். அழுத்தும்போது சாய்வு தகட்டைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த நொடியில், ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்த பட்டன் பிடி தளர்ந்து எழும்பிவிடும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் புதிய பட்டனின் பள்ளம் தகட்டுக்கு நேரே வரும். தகடு திரும்பி வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் பட்டனுக்கு இரண்டாம் பட்டன் இருப்பதே தெரியாது. எல்லாம் தெரிந்தது அந்தத் தகட்டுக்கு மட்டும்தான்.

பழைய ரேடியோக்களில் அலைவரிசை மாற்றும் பட்டன்களும் இதே வகைதான். கார் ரேடியோவிலும் நிலையத்துக்கு ஒரு பட்டன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்க முடியும். ரேடியோவின் பெயரே கணினித் திரைக்கும் வந்தது. 1984-ல் ஆப்பிள் வெளியிட்ட மெக்கின்டாஷில் ‘பலவற்றுள் ஒன்று’ என்பதற்கு ஒரு சின்ன வட்டம், தேர்ந்தெடுத்தால் நடுவில் கரும்புள்ளி. ‘எத்தனை வேண்டுமானாலும்’ என்பதற்குச் சதுரம். இன்று ஆன்லைன் படிவத்தில் ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று நாம் புள்ளி வைக்கும் வட்டங்களுக்கு இன்னமும் ‘ரேடியோ பட்டன்’ என்றுதான் பெயர்.

ஆனால் திரையில் தகடு கிடையாது. ஒன்றைத் தொட்டால் மற்றதை அணைப்பது யார்?

இதற்கு ஒவ்வொரு மென்பொருள் கருவித்தொகுப்பும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஓஸ்டர்ஹவுட் உருவாக்கிய ‘டிகே’ தொகுப்பில், எல்லாப் பட்டன்களும் ஒரே மாறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் தன் மதிப்பு எழுதியிருந்தால் புள்ளி வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் எடுத்துவிடும். விண்டோஸின் பழைய முறை வேறு. ‘குழு இங்கே தொடங்குகிறது’ என்று ஒரு பட்டனில் குறி போட்டால், அடுத்த குறி வரும்வரை வரிசையில் உள்ளவை அனைத்தும் ஒரே குழு. அடுத்த குறியைப் போட மறந்தால், ‘பணமா, கார்டா?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் அதற்கு மேலே வைத்த ‘சைவமா, அசைவமா?’ புள்ளி காணாமல் போய்விடும். இணையப் பக்கங்களில், ஒரே படிவத்துக்குள் ஒரே பெயர் வைத்தவை எல்லாம் ஒரு குடும்பம்.

ஃபேனின் தகட்டுக்கு மிக நெருக்கமானது ஜாவாவின் ‘ஸ்விங்’ தொகுப்பு. அதில் ‘பட்டன்குரூப்’ என்றே ஒன்று உண்டு. அது திரையில் எங்கும் தெரியாது. அதன் வேலை இரண்டு: யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்ற பட்டியல், இப்போது தேர்வானது யார் என்ற ஒரே ஒரு குறிப்பு. ஒரு பட்டனைக் கிளிக் செய்தால் அது தானாகப் புள்ளி வைத்துக்கொள்வதில்லை. ‘என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்’ என்று குழுவிடம் சொல்கிறது. குழு முதலில் தன் குறிப்பில் பெயரை மாற்றுகிறது. பிறகு பழைய பட்டனை ‘நீ இறங்கு’ என்கிறது. கடைசியில் புதியதை ஏற்றுகிறது.

இந்த வரிசையில்தான் சூட்சுமம். ‘இறங்கு’ என்றதும் பழைய பட்டன் ஒரு தடவை குழுவிடம் திரும்பக் கேட்கும்: ‘நான்தான் இன்னும் தேர்வில் இருக்கிறேனா?’ குறிப்பு ஏற்கெனவே மாறிவிட்டதால், இல்லை என்று பதில் வரும், அது அணைந்துவிடும். இதே கேள்வியை, புள்ளியோடு இருக்கும் பட்டனை நாம் அணைக்க முயலும்போதும் அது கேட்கிறது. அப்போது குறிப்பில் அதன் பெயரே இருப்பதால், ‘ஆமாம், நீதான்’ என்று பதில் வரும். அதனால்தான் ரேடியோ பட்டனை எத்தனை முறை தட்டினாலும் புள்ளி போவதில்லை. பட்டன் அடம்பிடிப்பதாக நமக்குத் தோன்றும், அடம் குழுவினுடையது.

குழு கண்ணுக்குத் தெரியாதது என்பதால் புதிதாக நிரல் எழுதுபவர் ஏமாறும் இடமும் இதுதான். ஸ்விங்கில் பட்டனைத் திரையின் பலகையில் சேர்ப்பது ஒரு வரி, குழுவில் சேர்ப்பது இன்னொரு வரி. இரண்டாவதை மறந்தால் பட்டன் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டிலும் புள்ளி வைக்கலாம். சேர்த்து அழுத்திய ஃபேன் பட்டன்கள் மாதிரி.

பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு குழு ஆகிவிடாது என்பதைக் கருவித்தொகுப்புகளே போகப்போகத்தான் கற்றுக்கொண்டன. நார்வேயில் பிறந்த ‘க்யூட்’ தொகுப்பில் ஒரு காலத்தில் பட்டன் குழு என்பதே கோடு போட்ட ஒரு பெட்டி. 2005-ல் வந்த நான்காம் பதிப்பில் பெட்டியைத் தனியாகவும் குழுவைத் தனியாகவும் பிரித்துவிட்டார்கள். குழு அதன்பின் கண்ணுக்குத் தெரியாததானது.

நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். ஒரு வாக்குப்பதிவு அலகில் 16 பட்டன்கள். வேட்பாளர்கள் அதிகமானால் இரண்டு, மூன்று அலகுகளைக் கேபிளில் இணைத்து வைப்பார்கள். பெட்டிகள் வேறு வேறு, ஆனால் குழு ஒன்று, வாக்கும் ஒன்று. ஒரு வித்தியாசம்: ரேடியோ பட்டனில் படிவத்தை அனுப்பும்வரை மனம் மாறலாம். இங்கே அழுத்தியது அழுத்தியதுதான். வாக்குச்சாவடி அலுவலர் அடுத்தவருக்காகத் திறந்துவிடும்வரை மற்ற பட்டன்கள் வேலை செய்யாது.

சரி, எதுவுமே வேண்டாம் என்றால்?

ரேடியோ பட்டன் குழுக்களின் தீராத தலைவலி இது. இணையத்துக்கான 1995-ம் ஆண்டின் எச்.டி.எம்.எல் 2.0 விதிமுறை, எப்போதும் சரியாக ஒன்று தேர்வில் இருக்க வேண்டும் என்றது. படிவம் எழுதியவர் எதையும் குறிக்காவிட்டால் உலாவியே முதல் பட்டனில் புள்ளி வைக்க வேண்டும். உலாவிகள் ஒரே மாதிரி கேட்கவில்லை. 1999-ல் வந்த 4.01 விதிமுறை, அந்த நிலையில் என்ன நடக்கும் என்பதை வரையறுக்காமலே விட்டுவிட்டது. இன்று உலாவிகள் எல்லா வட்டங்களையும் காலியாக விடுகின்றன. ஆனால் ஒருமுறை புள்ளி வைத்துவிட்டால் வெறும் கிளிக்கில் பழைய காலி நிலைக்குத் திரும்ப வழியில்லை.

ஸ்விங்கிலும் இதே கதை. தேர்வை நீக்க வேண்டுமா? கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டனைக் குழுவில் சேர்த்து, நிரலின் வழியாக அதைத் தேர்ந்தெடுங்கள் என்று அதன் கையேடே யோசனை சொன்னது. பேருக்கு ஒருவர் ஜெயித்துவிடுவார். திரையில் யாரும் தெரிய மாட்டார். 2006-ல் வந்த ஜாவா 6-ல்தான் தேர்வை நீக்கத் தனியாக ஒரு கட்டளை சேர்ந்தது.

வாக்குப்பதிவிலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் 49-ஓ விதியின்படி அலுவலரிடம் சொல்லி, அவர் பதிவேட்டில் எழுதும் குறிப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வாக்களித்தவரின் ரகசியம் காப்பாற்றப்பட்டது. மறுத்தவரின் ரகசியம் சாவடியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே ‘நோட்டா’ என்று அதற்கும் ஒரு பட்டன் கிடைத்தது.

படிவம் வடிவமைப்பவர்கள் ‘சொல்ல விரும்பவில்லை’ என்று கடைசியில் ஒரு வட்டம் வைப்பதும் அதே வழிதான். அது இல்லாத படிவத்தில், தவறிப்போய் ஒரு புள்ளி வைத்தவர் பக்கத்தையே புதிதாகத் திறந்து, பெயர், முகவரி, பிறந்த தேதி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த டேபிள் ஃபேனுக்கே திரும்புவோம். பல ஃபேன்களில் பூஜ்யம் பட்டனின் தண்டைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று தெரியும். மற்ற மூன்றைப்போல அதற்கும் சாய்வு உண்டு. பள்ளம் மட்டும் இல்லை. தகட்டைத் தள்ளி மற்றவற்றை விடுவிக்கும். தான் மாட்டிக்கொள்ளாமல் மேலே வந்துவிடும்.