உங்களுக்குத் தெரியுமா? மர்மச் சிறுகதையும் நம் தீவும்

துப்பறியும் கதைகளுக்கு முன்னோடி என்று உலகம் கொண்டாடும் பழங்கதை ஒன்றில், துப்புத் துலக்குவோர் இலங்கை இளவரசர்கள்! செரண்டிப் என்று பாரசீகர் சொன்னது நம் தீவைத்தான். தந்தையின் நாட்டை விட்டுப் புறப்பட்ட மூன்று இளவரசர்கள், வேற்று நாட்டில் ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற ஒருவனைச் சந்திக்கிறார்கள். "அதற்கு ஒரு கண் தெரியாதல்லவா? ஒரு பல் விழுந்திருக்குமே? ஒரு கால் நொண்டி, அப்படித்தானே?" என்று கேட்கிறார்கள். ஒரு பக்கம் வெண்ணெயும் மறுபக்கம் தேனும் சுமந்து போயிற்று என்றும் சொல்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் ஒட்டகத்தைத் தாங்கள் பார்க்கவே இல்லை என்கிறார்கள். திருடர்கள் என்று பிடித்துப் பேரரசன் முன் நிறுத்தாமல் வேறென்ன செய்வான் அவன்?

விளக்கம் வெகு எளிது. வழியின் ஒரு பக்கத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது, அதுவும் புல் மோசமான பக்கம். மென்று விழுந்த புல் உருண்டைகள் ஒரு பல் அளவில் கிடந்தன. மண்ணில் மூன்று காலடி, நான்காவது இழுபட்ட கோடு. ஒரு பக்கம் எறும்பு, மறுபக்கம் ஈ. அந்த வழியே போன எல்லோருக்கும் இவை தெரிந்திருக்கும். கவனித்தவர்கள் இந்த மூவர் மட்டும்தான். ஒரு நல்ல மர்மச் சிறுகதையைப் படித்து முடித்ததும், இது முதலிலேயே கண்ணில் பட்டதே என்று நாம் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கிறோமே, அந்தச் சுகம் இங்கே தொடங்குகிறது.

இக்கதையை 1302 அளவில் தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ பாரசீகத்தில் பாடினார். 1557இல் அது வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சாயிற்று.

தமிழிலும் இதற்கு ஓர் உறவுக்கதை உண்டு. அலகேச மன்னனின் நான்கு மந்திரிகள் கதை அது. தொலைந்த ஒட்டகத்தைப் பற்றி நால்வரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: நொண்டி, வலக்கண் குருடு, வால் குட்டை, வயிற்றுவலி. வயிற்றுவலி எப்படித் தெரிந்தது? முன்கால் தடம் ஆழம், பின்கால் தடம் மங்கல். வலியில் பின்காலைச் சுருக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. அரசன் நால்வரையும் மந்திரிகளாக்கிக்கொண்டான்.

இக்கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன நடேச சாஸ்திரிதான் தமிழின் ஆரம்பகாலத் துப்பறியும் நூல்களில் ஒன்றையும் எழுதினார். 1894இல் வந்த அந்நூல் தானவன் என்ற போலீஸ் நிபுணன் துலக்கிய குற்றங்களைச் சொல்லும் கதைத் தொகுதி.

மறுபடி நம் தீவுக்கே வருவோம். முந்தல் ஊருக்கு வடக்கே, புத்தளம் கரையில், 1344இல் வந்திறங்கினார் உலகப் பயணி இபுனு பத்தூத்தா. வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்தன என்று எழுதினார். அங்கே அவரை வரவேற்ற மன்னர் ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியதாம். செரண்டிப் கதையைப் பாடிய மொழி இந்தக் கரையில் காதில் விழுந்திருக்கிறது என்று நினைக்கவே எனக்குச் சிலிர்க்கிறது.

நவீனத் துப்பறியும் கதையை 1841இல் தொடங்கி வைத்தவர் அமெரிக்கரான எட்கர் அலன் போ. சிறுகதையை ஒரே இருப்பில், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் படித்துவிட வேண்டும் என்றவரும் அவர்தான். முந்தலில் கொழும்பு பஸ் ஏறுகிறவர் சிலாபம் வருமுன் ஒரு கொலைக்குத் தீர்வு கண்டுவிடலாம். நாவலுக்கு இந்த வசதி இல்லை. தொகுதி என்றால் இன்னும் நல்லது, ஒரு கதை ஏமாற்றினாலும் அடுத்தது காத்திருக்கும்.

1929இல் ஆங்கிலேயப் பாதிரியார் ரொனால்ட் நொக்ஸ், ஒரு துப்பறியும் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில் பத்துக் கட்டளைகள் விதித்தார். துப்பறிவாளருக்குக் கிடைத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. முன்னறிவிப்பில்லாமல் இரட்டைச் சகோதரரைக் கொண்டுவரக் கூடாது. இரகசியப் பாதை ஒன்றுக்கு மேல் வேண்டாம்!

தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு இந்த மரபைத் தலைகீழாக்கினார். அசட்டு வங்கிக் குமாஸ்தா சாம்புவுக்குக் குற்றவாளி தற்செயலாக அகப்படுவான், ஊரோ அவரை மேதை என்று வியக்கும். அத்தனை கதைகளிலும் இதே ஏற்பாடுதான், இருந்தும் சலிக்கவில்லை. தேவனின் கைவண்ணம் அது.

ஷெர்லொக் ஹோம்ஸின் முதல் சிறுகதை 1891 ஜூலையில் வந்தது. அதிலேயே நம் திருகோணமலை வருகிறது. அட்கின்சன் சகோதரர்களுக்கு அங்கே நேர்ந்த விசித்திரத் துயரத்தை ஹோம்ஸ் துலக்கினார் என்று போகிற போக்கில் ஒரு வரி. என்ன துயரம், யார் செய்தது? கொனன் டொயில் 56 ஹோம்ஸ் சிறுகதைகள் எழுதியும் இதைச் சொல்லவே இல்லை. நம்மில் ஒருவர் தமிழில் எழுதட்டும். திருகோணமலை தூரம் என்றால், முந்தல் களப்பும் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயும் இறால் பண்ணைகளின் இராக்காவலும் இருக்கின்றன, ஒரு தொகுதிக்கே போதும்.