பந்தல் காலும் அடுப்புச் சாம்பலும்



வருசநாட்டுப் பக்கம் அவரைக்கும் புடலைக்கும் பந்தல் போடுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். சவுக்குக் கால், மூங்கில் கால் எதை ஊன்றினாலும் இரண்டு மூன்று வருஷத்தில் மண்மட்டத்தில் உளுத்துப் போகிறது. கொடி காய்ப்புக்கு வந்த நேரம் பார்த்துக் காற்றடித்தால் பந்தலே படுத்துவிடும். கழிவு ஆயில் பூசிப் பார்க்கிறோம், அடியைத் தீயில் வாட்டிப் பார்க்கிறோம். அதெல்லாம் மேல்தோலோடு சரி. வெடிப்பு விட்டதும் கரையான் உள்ளே புகுந்துவிடும். இலவ மரம்தான் ஊரெல்லாம் நிற்கிறதே என்பீர்கள். அது பஞ்சுக்கு ஆகும், காலுக்கு ஆகாது.

ஆகவேதான் சிலர் மருந்தேற்றிய கட்டை வாங்குகிறார்கள். இந்த மருந்து வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் காமேசன் என்ற நம் நாட்டு விஞ்ஞானி 1933இல் கண்டுபிடித்தது. 'ஆஸ்கு' என்று பெயர். அதில் மூன்று சரக்கு. ஒன்று தாமிரம், போர்டோ கலவைக்கு நாம் போடும் மயில்துத்தத்தில் இருப்பது. இது பூஞ்சாணத்தைக் கொல்லும். அடுத்தது ஆர்சனிக், அதாவது பாஷாணம், கரையானுக்கு எமன். மூன்றாவது குரோமியம். முன்னதிரண்டும் மழையில் கரைந்து ஓடாதபடி மரத்தோடு பிடித்து வைப்பது இதன் வேலை. கட்டையை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, மருந்துத் தண்ணீரை அழுத்தி ஏற்றுவார்கள். நன்றாக ஏற்றிய கால் பத்துப் பதினைந்து வருஷம், அதற்கு மேலும் நிற்கும்.

பாஷாணம் என்றதும் பயந்துவிட வேண்டாம். பந்தல் காலாக, வேலிக் காலாக நிற்கிறவரை பெரிய தொந்தரவு இல்லை. மழையில் கொஞ்சம் கசிவது காலைச் சுற்றிய மண்ணிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். அந்த ஒரு முழ வட்டத்தில் கீரையோ கிழங்கோ போடாதீர்கள், போதும். மாட்டுத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி மூடி, தேன்பெட்டி இவற்றுக்கு அந்த மரம் வேண்டவே வேண்டாம். ஈரம் காயாத கட்டையையும் வாங்காதீர்கள். மருந்து மரத்தில் பிடித்திருக்காது. அறுக்க வேண்டியிருந்தால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சாக்கு விரித்து அறுங்கள். அறுத்த முனை மேலே இருக்கட்டும். நடுமரத்தில் மருந்து குறைவு என்பதால் அதை மண்ணுக்குள் விட்டால் கரையானுக்குக் கதவு திறந்த மாதிரி.

உண்மையான ஆபத்து கால் பழசான பிறகுதான் வருகிறது. பிடுங்கிய கட்டையை நாம் என்ன செய்வோம்? நேரே அடுப்புக்குத்தானே போகும்! நூறு கிலோ விறகு எரிந்தால் சாம்பல் ஒன்றிரண்டு கிலோ தேறும். மரம் முழுக்க இருந்த பாஷாணத்தில் பெரும்பகுதி அந்தச் சாம்பலில் சேர்ந்துவிடும், மிச்சம் புகையோடு வரும். அந்தச் சாம்பலைத்தான் நாம் பாத்திரம் துலக்க எடுக்கிறோம், அவரையில் அசுவினிக்குத் தூவுகிறோம், குப்பைக் குழியில் கொட்டுகிறோம். ஆடு மாடு உப்புச் சுவைக்காக அதை நக்கும். அப்படி நக்கிய மாடுகள் செத்தது வெளிநாடுகளில் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கிராமத்துக் குடும்பம் இந்த மரத்துண்டுகளைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எரித்து வந்தது. எட்டுப் பேருக்கும் வருஷா வருஷம் நோய், முடிகூடக் கொட்டியது. 1984இல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. 2003ஆம் ஆண்டு முடிவோடு அங்கே வீட்டு உபயோகத்துக்கு இந்த மரம் செய்வதைத் தயாரிப்பாளர்களே நிறுத்திக்கொண்டார்கள். பண்ணை வேலிக் காலுக்கு விட்டுவைத்தார்கள்.

புதுசில் கட்டை பச்சை பாய்ந்திருக்கும், அடையாளம் தெரியும். வெயிலில் கிடந்து சாம்பல் நிறமாகிவிட்டால் சாதாரண விறகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பதினைந்து வருஷம் கழித்துப் பிடுங்கப் போவது உங்கள் மகனோ மருமகளோ, யார் கண்டது? ஆகவே ஊன்றும்போதே ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு தகரத்துண்டை ஆணியடித்து வையுங்கள். 'தகரம் அடித்தது அடுப்புக்கு ஆகாது' என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அடி உளுத்தாலும் மேல்பாதி கெட்டியாக இருக்கும், வேலிக்குக் குட்டைக் காலாக ஊன்றலாம். அதற்கும் ஆகாததைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில், நனையாத இடத்தில் போட்டு வைத்து, எரிக்கக் கூடாத கட்டை என்று சொல்லி ஊராட்சியில் ஒப்படையுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்றால், கம்பம் பக்கத்துத் திராட்சைக்காரர்கள் மாதிரி கல்லுக்கால் நட்டுவிடுங்கள். முதல் செலவு கூடுதல்தான். கரையான் பயமும் சாம்பல் பயமும் அதில் கிடையாது.