ஸ்விஸ் கத்தியின் வயிற்றுக்குள் என்னதான் இருக்கிறது?

அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் ஸ்விஸ் ஆர்மி கத்தி எப்படி இருக்கும் தெரியுமா? பித்தளை ரிவெட்டுகள், மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுநடுவே பளபளக்கும் எஃகு! வாருங்கள், உள்ளே எட்டிப் பார்ப்போம்.

எல்லோருடைய கண்ணும் முதலில் கத்தி, கத்தரிக்கோல் பக்கம்தான் போகும். நீங்கள் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பட்டையான ஒரு எஃகுத் துண்டு. கத்தி பாதி திறக்கும்போது விறைத்து எதிர்ப்பதும், முழுதாகத் திறந்ததும் 'டக்' என்று பிடித்துக்கொள்வதும் அதுதான். எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காத சத்தம்!

சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்ஸனர் 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிப்பாய்க் கத்தியில் நாலே கருவிகள்: வெட்ட ஒரு அலகு, துளை போட ஒரு குத்தூசி, டின் திறப்பான், துப்பாக்கியைப் பிரிக்கத் திருப்புளி. உறுதியான கத்தி, ஆனால் கனம். அதிகாரிகளுக்கு இலேசாகவும் வேண்டும், கருவிகள் கூடுதலாகவும் வேண்டும். கருவிக்கு ஒரு ஸ்பிரிங் என்று அடுக்கிக்கொண்டே போனால் சட்டைப்பை தாங்குமா?

இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. வயிற்றுப் பக்கக் கருவிகளை அழுத்திப் பிடிக்கும் அதே ஸ்பிரிங்கை, முதுகுப் பக்கத்துக் கருவியையும் பிடிக்க வைத்துவிட்டார் மனிதர்! கார்க் திருகி முதுகில் ஏறி உட்கார்ந்தது அப்படித்தான். ஆறு கருவிகள், இரண்டே ஸ்பிரிங். 1897 ஜூன் 12-இல் அந்த வடிவமைப்பைப் பதிவு செய்தார். அவருடைய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ்.

இன்னும் கிட்டே வாருங்கள், இது வெளியே தெரியாத சங்கதி. உள்ளே இருக்கும் எஃகெல்லாம் ஒரே பதம் இல்லை. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் கத்தி அலகு 56, கத்தரிக்கோலும் ரம்பமும் 53, திருப்புளி 52, ஸ்பிரிங்கும் கார்க் திருகியும் 49. கூர் மழுங்காமல் நிற்க அலகுக்குக் கடினம் வேண்டும். அதே கடினத்தைத் திருப்புளிக்குக் கொடுத்தால் முறுக்கும்போது முனை தெறித்துவிடும். ஸ்பிரிங்கோ ஆயுள் முழுக்க வளைந்து நிமிர வேண்டும். ஒரே கைப்பிடிக்குள் குடியிருந்தாலும் அவரவர் வேலைக்கேற்ற பதம்!

விக்டோரினாக்ஸின் ஸ்விஸ்சாம்ப் மாடலை எடுத்தால் 33 வேலைகள், எடை 185 கிராம்தான். அதில் பல கருவிகள் ஒரு வேலையோடு நிற்பதில்லை. டின் திறப்பானின் நுனி சின்னத் திருப்புளி. பாட்டில் திறப்பானின் நுனி பெரிய திருப்புளி, அதன் அடியில் ஒயர் தோல் உரிக்க ஒரு வெட்டு. மீன் செதில் சீவும் அலகின் ஓரத்தில் அளவுகோல் கோடுகள்.

எனக்கு ரொம்பப் பிடித்ததை இன்னும் சொல்லவில்லையே! கார்க் திருகியின் சுருளுக்குள் வெற்றிடம் இருக்கிறதல்லவா? அதையும் விடவில்லை. மூக்குக் கண்ணாடியின் பொடி ஸ்குரூவைத் திருக ஒரு குட்டித் திருப்புளி செய்து, அந்தச் சுருளுக்குள்ளேயே திருகி வைத்துவிட்டார்கள்!