ஏடு மறுத்தது, கை மறுக்கவில்லை

கொழும்புக்கு வடக்கே, வத்தளையை அடுத்த ஹெந்தளை, ஒல்லாந்தர் காலத்துத் தொழுநோய் மருத்துவமனையாற் பெயர்பெற்ற ஊர். 1708ஆம் ஆண்டில் எழுந்த அம்மனை, நலிந்தோரைப் பிறர் கண்ணுக்கு மறைத்துவைத்த பழங்கால வழக்கத்துக்குச் சான்று. அதே ஊரில், உடலாலும் அறிவு வளர்ச்சியாலும் இடருறும் குழந்தைகளைப் பேணும் பிரிதிபுர இல்லமும் உண்டு. மறைத்துவைத்தல் வேறு, பேணி வளர்த்தல் வேறு. இவ்வேற்றுமையை விளக்க ஒரு வரலாறு கூறுவேன்.

1943இல் அமெரிக்காவில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தவர் ஜூடித் ஸ்கொட். டவுன் நோய்க்குறி உடையவர், செவிப்புலனும் அற்றவர். செவி கேளாமையை எவரும் அறிந்திலர். வினாவுக்கு விடையிறுக்காத அச்சிறுமியைக் கல்விக்குத் தகுதியற்றவள் என்று ஒதுக்கினர். ஏழு வயதில் காப்பகம் புகுந்தவர், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே கழித்தார். பின்னர் உடன்பிறந்த ஜோய்ஸ் அவரை மீட்டு, 1987இல் ஓக்லண்ட் நகரத்துக் கலைக்கூடம் ஒன்றிற் சேர்த்தார். வண்ணமும் தூரிகையும் அவர் மனத்தைக் கவரவில்லை. ஏறக்குறைய ஈராண்டு கழிந்தபின் நூலைத் தொட்டார். கைக்கெட்டிய பொருள்களையெல்லாம் வண்ண நூலாற் சுற்றிச் சுற்றிச் சிற்பங்களாக்கினார். 2005இல் அவர் மறைந்தார்; 2014இல் புறூக்ளின் அருங்காட்சியகம் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது.

அந்த ஈராண்டுப் பொறுமையை நினைக்குந்தோறும் என் நெஞ்சு சுடுகிறது. முன்னொருகால் என் வகுப்பு மாணவன் ஒருவன், புணர்ச்சி விதி எழுதவேண்டிய தாளில் மீன்பிடி வள்ளம் வரைந்திருந்தான். பக்கத்திற் கட்டும் மரமும், அதனைப் பிணித்த கயிற்றின் முடிச்சுகளும் பிழையற அமைந்திருந்தன. எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாத அவனுடைய கண் எத்துணை நுட்பமாகக் கற்றிருந்தது! யானோ தாளைக் கிழித்துப் பூச்சியம் இட்டேன். பிழை அவனுடையதன்று.

இலண்டனிற் பிறந்த ஸ்டீவன் வில்ட்சயர் போல, ஒருமுறை கண்ட மாநகரை நினைவிலிருந்தே வரைவோர் மிகச் சிலர். கற்றலிடர் உடைய குழந்தைகள் அனைவரிடமும் அவ்வற்புதத்தை எதிர்பார்த்தல் இன்னொரு கொடுமை. வேண்டுவது அற்புதமன்று, வாய்ப்பே. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் தோன்றிய சுனேரா மன்றம், மாற்றுத்திறனாளர்க்கு நாடகமும் நடனமும் பயிற்றி மேடையேற்றியமை இதனை உணர்ந்தே.

பெற்றோரே, ஆசிரியரே! தாளும் கோலும் களிமண்ணும் நூலும் குழந்தையின் முன் வையுங்கள். புள்ளி இடாதீர்கள், இரங்கிப் புகழவும் வேண்டா. படைத்தது எதுவாயினும் அதன் கீழே அக்குழந்தையின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுதக் கல்லாத பிள்ளைக்கு நாம் செய்யத்தக்க முதற் கடன் அதுவே.