இருசில்லு உழவு இயந்திரத்தின் வாரும் அதன் சூடும்

இருசில்லு உழவு இயந்திரத்தில் எஞ்சினின் வலுவைப் பற்சில்லுப் பெட்டிக்குக் கொண்டு செல்பவை, கப்பிகளின் தவாளிப்புகளில் ஓடும் இறப்பர் வார்களாகும். வழக்கிலே இவற்றைப் ‘பெல்ற்’ என்போம். சேற்றுழவின் நடுவே வார் அறுந்தால் இயந்திரம் நிற்பதோடு காரியம் முடிவதில்லை. வாய்க்காலில் நமக்குரிய நீர்முறையும் தவறிப்போகும். ஆயினும் நல்ல வார் முன்னறிவிப்பின்றி அறுவது அரிது. பல நாட்களுக்கு முன்பே அது சூடேறித் தன் குறையைத் தெரிவிக்கின்றது. அச்சூட்டை அறியும் வகையும், அதற்குரிய காரணங்களும் இங்கு விளக்கப்படுகின்றன.

வார் ஓடும்போது ஒவ்வொரு கப்பியிலும் வளைந்து, பின்னர் நிமிர்கின்றது. இதனால் அதன் உள்ளே சிறிது சூடு பிறத்தல் இயல்பே. வழுக்கும்போது பிறக்கும் சூடோ வேறு வகையானது. இவ்வார் தவாளிப்பின் அடியைத் தொட்டு ஓடுவதன்று. இரு பக்கங்களையும் ஆப்புப்போல் இறுகப் பற்றி ஓடுவது. அப்பிடி தளர்ந்தால் பக்கங்கள் உராய்ந்து கண்ணாடிபோல் மினுங்கும். மினுங்கிய பக்கம் மேலும் வழுக்கும். வழுக்க வழுக்கச் சூடு மிகும். சூட்டினால் இறப்பர் கடினமாகி வெடிக்கும். உள்ளிருக்கும் நூலிழைகளும் இறப்பரிலிருந்து பிரியும். வாரின் உட்சூடு 10 பாகை செல்சியசு கூடுதலாயின் அதன் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும் என்பது பொறியியலாளர் கொள்ளும் கணக்கு. ஒழுங்காகப் பேணப்படும் வாரின் சூடு பொதுவாக 60 பாகைக்கு மேற்படலாகாது.

இதனை அறியக் கருவி எதுவும் கட்டாயமன்று. அரைமணி நேரம் பாரத்துடன் உழுதபின் எஞ்சினை நிறுத்துக. கப்பிகள் முற்றாக நின்றனவா என்று கண்ணால் பார்த்தபின்பே காப்புத் தகட்டைக் கழற்றுக. ஓடும் வாரில் விரல் வைத்தவர் விரலை இழப்பர். சாரத்தின் நுனியோ அவிழ்ந்த கூந்தலோ அகப்பட்டால் உயிருக்கே மோசம். வார் ஆறுமுன் புறங்கையை முதலில் அருகே பிடித்துப் பார்த்து, பின்னர் மெல்லத் தொடுக. வெதுவெதுப்பாக இருந்து கை பொறுத்தால் குற்றமில்லை. உடனே கையை எடுக்க வேண்டியிருப்பின் சூடு 60 பாகையை அண்மித்தோ கடந்தோ விட்டதெனக் கொள்க. அவ்வாறே மூன்று வார்களையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். ஒருநாட் சூட்டை மறுநாட் சூட்டோடு ஒப்பிடுவதே இதில் முக்கியம். அதே வயலில் அதே வேலைக்கு நேற்றிலும் இன்று சூடு மிகுந்தால், ஏதோ ஒன்று மாறியிருக்கின்றது.

தொடாமலே சூட்டைக் காட்டும் கதிர்மானி இப்போது கடைகளில் கிடைக்கின்றது. 2020 ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில் வாங்கி வைத்த நெற்றிச் சூடு பார்க்கும் கருவி இதற்கு உதவாது. அது மனித உடற்சூட்டின் எல்லைக்குள் மட்டுமே அளப்பது. வேலைத்தலங்களுக்குரிய கதிர்மானியையே கொள்க. அதனைக் கறுத்த இறப்பரை நோக்கிப் பிடிக்க வேண்டும். மினுங்கும் இரும்பை நோக்கினால் உண்மையிலும் குறைந்த அளவைக் காட்டி ஏமாற்றும். அமெரிக்கா முதலிய நாடுகளில் இருவர் அருகருகே அமர்ந்து மேடுபள்ளங்களில் ஓட்டும் சிறு வண்டிகளில் வார் மூடிய பெட்டியினுள் ஓடுவதால், ஓட்டுபவர் கண்முன்னே வாரின் சூட்டுமானியைப் பொருத்திக்கொள்வாரும் உளர். நமது இயந்திரத்தில் வாரைக் கிட்டப் பார்ப்பது எளிதாதலின் அச்செலவு தேவையில்லை.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் தளர்ச்சியே. எஞ்சினைத் தாங்கும் அடித்தளத்தின் சுரைகளைத் தளர்த்தி, எஞ்சினை முன்னே நகர்த்தி வாரை இறுக்குக. கப்பிகளுக்கு இடைப்பட்ட வாரின் நீளம் ஒரு மீற்றருக்கு 16 மில்லிமீற்றர் என்ற வீதத்தில் அமிழ்தல் பொதுவிதி. அரை மீற்றராயின் நடுவிலே அழுத்தும்போது 8 மில்லிமீற்றர் அமிழலாம். இயந்திரத்தின் கைந்நூல் வேறளவு கூறின் அதனையே பின்பற்றுக. மிகையாக இறுக்கினால் வாருக்குப் பதிலாக அச்சின் குண்டுப்போதிகை சூடேறிப் பழுதாகும். இறுக்கியபின் இரு கப்பிகளின் வெளிமுகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்க. ஒரே நேராகத் தொடாவிடின் கப்பிகள் கோணலாக நிற்கின்றன. தவாளிப்பின் அடி மினுங்கினால் கப்பியோ வாரோ தேய்ந்து, வார் அடியில் தட்டுகின்றது என்பது பொருள். எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

வழுக்கும் வாருக்குச் சவர்க்காரமும் குங்கிலியமும் பூசும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. சிறிது நேரம் சத்தம் அடங்குவது மெய், நோய் அடங்குவதில்லை. சேறும் எண்ணெயும் படிந்திருப்பின் துடைத்தால் மட்டும் போதும்.

சூடடிக்கும் இயந்திரத்தின் வாருக்கு இக்கவனம் இன்னும் வேண்டும். அங்கே காய்ந்த வைக்கோல் கப்பியைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். வார் வழுக்கிச் சூடேறினால் அவ்வைக்கோல் தீப்பற்றக்கூடும். ஒரு போகத்தின் விளைச்சல் முழுவதும் அருகிலேயே குவிந்திருக்கும். இறப்பர் கருகும் மணம் வந்தவுடன் நிறுத்துக. ‘இந்தக் குவியல் முடியட்டும்’ என்று ஓட்ட வேண்டாம். வைக்கோலை அடிக்கடி நீக்குதலும், வாளியில் நீர் நிறைத்து வைத்தலும் நன்று.

வார்களை மாற்றும்போது மூன்றையும் ஒருங்கே மாற்றுக. ஒன்றை மட்டும் புதிதாக இட்டால், நீண்டுபோன பழையவை சும்மா ஓட, புதியதே பாரம் முழுவதையும் சுமந்து விரைவில் அறும். திருப்புளியால் நெம்பி ஏற்றாது, எஞ்சினைத் தளர்த்தியே இடுக. புதிய வார் முதலில் சற்று நீளுமாதலால் முதல் நாள் வேலை முடிவிலும், 24 மணி நேர ஓட்டத்தின் பின்னரும் மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும். வாரின் முதுகில் அச்சிட்டுள்ள எழுத்தையும் எண்ணையும் இப்போதே குறித்துவைத்து, பெரும்போக உழவு தொடங்குமுன் மாற்று வார்கள் மூன்றை வாங்கி, வெயிலும் எண்ணெயும் படாத இடத்தில் வைத்துக்கொள்க.