யானைக் காதில் சீப்புப் பல்!

யானைக் காதின் ஓரத்தில் சீப்புப் பல் முளைத்திருக்கிறது. சத்தியமாகப் பார்த்தேன்! காது அசையாமல் இருக்கிறவரை ஒன்றும் இல்லை. ஒரு வீசு வீசியதும் விளிம்பு முழுக்கக் கோடு கோடாகப் பற்கள். முதுகில் நின்று வெண்சாமரம் வீசுகிறவருக்குக் கை நான்காகத் தெரிகிறது. நெம்மாரா–வல்லங்கி வேலத் திருவிழாவை யாரோ மினி டிவி கேமராவில் எடுத்த கேசட் அது. (இந்த ‘டிவி’ டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம், தொலைக்காட்சி அல்ல.) கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் கோரம்.

“டேப் போச்சாங்ணா?”

ஸ்டுடியோ அண்ணன் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு சிரித்தார். “டேப் குத்துக்கல்லாட்டம் நல்லாத்தான் இருக்குதுங்க. கம்ப்யூட்டருக்குத்தான் அதைக் காட்டத் தெரியல.”

இதைக் கேட்கத்தான் அந்த ஸ்டுடியோவின் மாடிப்படி ஏறினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோ இருக்கிற ஊர் பாலக்காட்டுப் பக்கத்து முதலமடை. இங்கே வருகிறவர்கள் பார்க்க வருவது வேறு. சீசனில் மாந்தோப்பு. மற்ற நாளில் ஆலமர நிழலில் நிற்கும் ரயில்வே ஸ்டேஷன். பிரியதர்ஷனின் ‘வெட்டம்’ (2004) படத்தில் வந்த ஸ்டேஷனாயிற்றே, பிளாட்பாரத்தில் ஒரு செல்ஃபி எடுக்காமல் நகர மாட்டார்கள். 2008 கடைசியில் இங்கே மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையாக்கி மறுபடி ரயில் விட்டது 2015-ல். அந்த மீட்டர்கேஜ் காலத்துக் கல்யாணப் பார்ட்டிகள் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? கோவிந்தாபுரம்–கொல்லங்கோடு சாலையோரத்தில், இந்த மாடி அறையில், மாம்பழ அட்டைப்பெட்டிக்குள், கேசட்டாக!

பெட்டிக்குள் கைவிட அனுமதி கிடைத்தது. லேபிள் பாதி மலையாளம், பாதி தமிழ். ‘காது குத்து, மீன்கரை’. ‘துபாய் 98’. ‘பறம்பிக்குளம் டூர்’, அதாவது இதே முதலமடைப் பஞ்சாயத்தில் இருக்கிற காட்டுக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு போன டூர். ‘சித்தூர் கொங்கன் படை’. கொங்குப் படையைப் பகவதி விரட்டியடித்த கதையை வருஷா வருஷம் நடித்துக் கொண்டாடுகிற திருவிழா அது. கொங்குப் பக்கத்து ஆளான நான் அந்தக் கேசட்டைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்தேன்.

சரி, யானைக்கு வருவோம். பழைய டிவிக்காக எடுத்த படம் முழுசாக வருவதில்லை. நம் நாட்டு ‘பால்’ முறையில் நொடிக்கு 50 அரைப்படம். ஒரு வரி விட்டு ஒரு வரி எடுத்தது முதல் அரை, விட்டுப்போன வரிகள் அடுத்த அரை. இரண்டுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஓடிவிடுகிறது. அதற்குள் காது நகர்ந்துவிடும். குழாய் டிவி இரண்டையும் வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது, கண் சேர்த்துக்கொண்டது. கம்ப்யூட்டரோ இரண்டையும் ஒரே சட்டத்தில் பின்னிக் காட்டுகிறது. பின்னல் அசைகிற இடத்தில் பிரிந்து தெரிவதுதான் நாம் பார்த்த பல்.

அண்ணன் வி.எல்.சி. பிளேயரில் ‘டீஇன்டர்லேஸ்’ பகுதிக்குப் போனார், ‘யாடிஃப்’ என்று ஒன்றைத் தட்டினார். பல் மாயம்! அப்புறம் 50 அரைப்படத்தையும் 50 முழுப்படமாக விரிக்கிற ‘யாடிஃப் 2எக்ஸ்’. வெண்சாமரம் அலை அலையாகப் புரண்டது பாருங்கள், நான் கைதட்டிவிட்டேன்.

“ஆனா ஒண்ணுங்க, மூலத்துல கைய வைக்கக் கூடாது. பல்லோடவே எடுத்து வெச்சுக்கணும். பல்லு புடுங்கறதெல்லாம் காப்பியிலதான்.”

இதில் இன்னொரு ரகசியம். பல்லை எடுக்காமலே படத்தின் அளவை மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. மேல் வரியும் கீழ் வரியும் குழைந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. பழைய கல்யாண வீடியோ யூடியூபில் ஒரு மாதிரி கசங்கித் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். அரைப்படங்களின் வரிசை தவறினாலும் வேடிக்கைதான். மினி டிவியில் கீழ் வரி முதலில் வரும். மென்பொருளிடம் மேல் வரி முதலில் என்று சொல்லிவிட்டால் யானை இரண்டடி முன்னே, ஒரு அடி பின்னே என்று நடக்கும்.

அடுத்த கேசட்டுக்கு முன் மேசையடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். அங்கே தூசி படிந்த ஒரு பழைய டெஸ்க்டாப். இந்த அறையின் கதாநாயகன் அதுதான்! அதன் முதுகில் ஃபயர்வயர் ஓட்டை இருக்கிறது. சோனிக்காரர்கள் அதையே ஐ-லிங்க் என்பார்கள். புது லேப்டாப்பில் தேடினாலும் கிடைக்காது.

அந்த ஓட்டைக்கு ஏன் இத்தனை மவுசு? 1995-ல் வந்த இந்த மினி டிவி டேப்பில் படம் எண்களாகவே பதிவாகியிருக்கிறது. 720-க்கு 576 புள்ளி, படத்துக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட். ஃபயர்வயர் வழியாக அந்த எண்கள் அப்படியே இறங்குகின்றன. கேப்சர் என்று நாம் சொன்னாலும் நடப்பது நகலெடுப்புதான். தரத்தைக் கூட்டவும் வழியில்லை, குறைக்கவும் வழியில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கேமராவில் பக்கத்திலேயே யுஎஸ்பி ஓட்டையும் இருக்கும். பல மாடல்களில் அது புகைப்படத்தை இறக்கவும் வெப்கேம் போலக் காட்டவும் வைத்தது. அதில் வீடியோ எடுத்தால் 320-க்கு 240 என்று ஒரு தீப்பெட்டிப் படம் வரும். வீட்டில் பேரன் அப்படி எடுத்துக் கொடுத்துவிட்டு, “பாட்டி, உங்க கேசட்டே மங்கிப்போச்சு” என்று சொல்லியிருப்பான். பாட்டியும் நம்பியிருப்பாள். பாவம் பாட்டி. கேசட் என்ன பாவம் செய்தது?

கேப்சர் ஓடும்போது திரையில் தெரியும் முன்னோட்டமும் பெரிய ஏமாற்றுக்காரன். பழைய கணினிக்கு மூச்சு வாங்கும் என்பதால் முன்னோட்டத்தைப் பல மென்பொருள்கள் கால்வாசி அளவில்தான் விரித்துக் காட்டும். விண்டோஸ் மீடியா பிளேயரின் உள் அமைப்பில் டிஜிட்டல் வீடியோவை ‘சிறிது’, ‘பெரிது’ என்று நகர்த்த ஒரு தண்டே இருந்தது. அது சிறிதில் நின்றால் முழுத்தரக் கோப்பும் மங்கலாகத்தான் ஓடும். அதனால் திரையை நம்பாதீர்கள் என்கிறார் அண்ணன். கோப்பின் எடையைப் பாருங்கள்! ஒரு மணி நேர டேப் சுமார் 13 ஜி.பி. வந்திருந்தால் எல்லாம் பத்திரமாக இறங்கிவிட்டது. 800 எம்.பி. என்றால் எங்கோ யாரோ கத்தி வைத்துவிட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மூவி மேக்கரில், கம்ப்யூட்டரில் பார்க்கச் சிறந்த தரம் என்ற வாசகத்தை நம்பி ‘அடுத்து’ என்று அமுக்கினால் டபிள்யூ.எம்.வி. ஆகச் சுருக்கிவிடும். டிவி-ஏவிஐ என்ற நல்ல வழி வேறு ஒரு வரியில் ஒதுங்கி நிற்கும். அடுத்து, அடுத்து என்று அமுக்குகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

இதற்குள் இரண்டாவது கேசட் படம் காட்டத் தொடங்கியிருந்தது. ஐயோ! மாப்பிள்ளை ஊர்வலம் பட்டை பட்டையாக வெட்டுப்பட்டு ஓடுகிறது. ஒரு பட்டையில் ஆட்கள் நடக்கிறார்கள், அடுத்த பட்டையில் சில நொடிக்கு முந்தைய படம் உறைந்து நிற்கிறது. அண்ணன் முகத்தில் ஒரு பரவசம். “இது ஹெட்டுங்க!”

கேமராவின் கதவைத் திறந்து காட்டினார். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத டேப், 6.35 மில்லிமீட்டர்தான். அதைத் தழுவிக்கொண்டு சாய்வாக ஒரு சின்ன உலோக உருளை. ஓடும்போது நிமிடத்துக்கு 9,000 சுற்று! அதில் எதிரெதிராக இரண்டு ஹெட், மாற்றி மாற்றிக் கோடு படிக்கின்றன. ‘பால்’ முறையில் ஒரு படத்துக்கு 12 கோடு. ஒரு கோட்டின் அகலம் 10 மைக்ரான், நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. ஒரு ஹெட்டில் டேப்பின் பொடி அடைத்தால் ஒன்றுவிட்டு ஒன்று ஆறு கோடு காலி. காலியான இடத்தில் கேமரா பழைய படத்தை ஒட்டிச் சமாளிக்கும். அதுதான் அந்தப் பட்டை. உலர்ந்த கிளீனிங் கேசட்டைப் போட்டுப் பத்து நொடி ஓட்டினார், நிறுத்தினார். அதற்கு மேல் ஓட்டினால் அது ஹெட்டையே ராவிவிடும். திரும்பக் கேசட். மாப்பிள்ளை முழுசாக வந்தார், பூமாலை சரிய, மீசை துடிக்க!

துடைத்தும் கட்டம் கட்டமாக வந்தால் டேப்பை எல்.பி.யில் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் அடைக்க ஆசைப்பட்டு அமுக்கிய பொத்தான் அது. கோடு இன்னும் மெலிந்துபோகும். எடுத்த கேமராவைத் தவிர வேறு கேமரா படிக்கத் திணறும். அந்தப் பழைய கேமராவை ஆக்கர்காரருக்குப் போட்டுவிட்டீர்களா? ஐயையோ.

படம் விட்டுவிட்டுத் துள்ளினால் கோளாறு ஹார்டு டிஸ்க்கில். நொடிக்கு 3.6 எம்.பி.தான் எழுத வேண்டும், அதையும் வைரஸ் தேடும் வேலையோடு சேர்த்துக் கொடுத்தால் பழைய இயந்திரம் சில படங்களைக் கீழே போட்டுவிடும். பதினெட்டு, பத்தொன்பது நிமிடத்தில் சொல்லிவைத்த மாதிரி நின்றால் டிஸ்க் ஃபேட்-32 முறையில் இருக்கிறது, 4 ஜி.பி.க்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. இவ்வளவுதான் விஷயம்.

உண்மையான கூத்து வி.எச்.எஸ். கேசட்டில்! அங்கே எண் கிடையாது, அலைதான். அதைக் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டுவருகிற ஒவ்வொரு ஒயரும் தன் பங்குக்கு ஏதாவது கெடுக்கும். டெக்கில் எஸ்-வீடியோ ஓட்டை இருந்தால் மஞ்சள் ஒயரை மறந்துவிடுங்கள். மஞ்சள் ஒயரில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து வரும், பிரிக்கும்போது பட்டுப்புடவை ஜரிகையோரத்தில் புள்ளி ஊர்கிறது. நெட்டுக்கோடெல்லாம் வளைந்து நெளிந்தால் டேப்பின் நேரத்தாளம் தப்புகிறது என்று அர்த்தம். அதை நிமிர்த்த டைம் பேஸ் கரெக்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அண்ணனிடம் அது உள்ளேயே அமைந்த டெக் ஒன்று உண்டு. என்னைத் தொட விடவில்லை.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பதறாதீர்கள். மலிவான யுஎஸ்பி கேப்சர் குச்சிகள் அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறையில் திறந்துகொள்ளும், ‘பால்’ என்று மாற்றினால் போதும். அதற்கும் வழிக்கு வராவிட்டால் கேசட் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். துபாய் நம்ம ‘பால்’தான். சவுதியில் அந்தக் காலத்தில் செகாம் என்ற வேறு முறை. அங்கே பதிந்த கேசட் நம் டெக்கில் நிறத்தைத் தொலைத்துவிட்டு ஓடும். பல முறைகளும் படிக்கிற டெக் வேண்டும். கல்ஃப் போன குடும்பங்கள் இருக்கிற பாலக்காட்டுப் பக்கத்தில் இந்தக் கேள்வி இல்லாமல் நாள் போகாதாம்.

படி ஏறி ஒரு அம்மா வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. “தம்பி, எம்புள்ள இத்தனை குண்டா இருந்ததே இல்லியே?”

“புள்ள குண்டாகலைங்மா, படத்தை இழுத்து விட்டிருக்குது.” 4-க்கு 3 படத்தை அகலத்திரை முழுக்க இழுத்திருந்தார்கள். ஒரு சொடுக்கு. கல்யாணப்பெண் மெலிந்தாள். அம்மா முகம் மலர்ந்தது. “கீழ ஒரு கோடு ஓடுதே?” அதுவும் குற்றமில்லை. ஹெட் மாறுகிற இடத்தின் இரைச்சல் அது. குழாய் டிவி ஓரத்தை மறைத்துக்கொண்டதால் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கேசட்டில்தான் நாளின் உச்சம். பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வீடியோக்காரரின் லைட் நேராக அடிக்க, வேட்டி மொத்தமும் வெறும் வெளிச்சம், கரையைக் காணோம். அண்ணன் மென்பொருளில் பதிவதற்கு முந்தைய அமைப்பைத் திறந்து, வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். முதலில் ஒரு மடிப்பு. அப்புறம் இன்னொன்று. பிறகு, கணுக்காலில் இருந்து மேலேறி, தங்கக் கசவு! டேப்பில் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது அது. பதிவாகும்போதே வெள்ளை வெட்டுப்பட்டால் எடிட்டிங்கில் எவ்வளவு இருட்டாக்கினாலும் சாம்பல்தான் வரும், கசவு வராது. அதனால் இந்தச் சரிபார்ப்பு கேசட் ஓடத் தொடங்கும் முன்பே நடக்க வேண்டும்.

சரியாகாதவையும் உண்டு. ஃபோகஸ் தவறியது தவறியதுதான். இருட்டில் எடுத்த புள்ளிக்கூட்டம் கேமராவின் பிறவிக்குணம். வேல வாணவேடிக்கையில் வானம் முழுக்கப் பொறி பறக்கும்போது அத்தனை பொறியையும் 25 மெகாபிட்டில் அடைக்க முடியாமல் ஓரங்களில் கட்டம் விழும், டேப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஏ.ஐ.யில் போட்டுத் தெளிவாக்குகிறோம் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. முகம் பளபளப்பாக வருகிறது, ஆனால் அது நம் பாட்டியின் முகம் இல்லை.

வீட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்துப் படம் மோசம் என்று குப்பையில் எறிய நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ஒயரையும், கோப்பின் எடையையும், அமைப்பையும் பாருங்கள். டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் டெக்கில் போடாதீர்கள், ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும், துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நகல் எடுத்தபின்னும் மூலத்தை வைத்திருங்கள். வி.எச்.எஸ். டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது, ஓடுகிற டெக்குகள் வருஷா வருஷம் குறைகின்றன. ஜூனில் மழை பிடித்துவிடும். அதற்குள் பரணில் இருந்து பெட்டியை இறக்கிவிடுங்கள்.