ரயில் விட்டுப்போன தடத்தில் சைக்கிள்

இங்கிலாந்தின் மேற்கே பிரிஸ்டலும் பாத்தும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 1970-களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சைக்கிளில் போக நினைத்தவர்கள் காருக்கும் லாரிக்கும் நடுவில்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இன்று இரண்டு ஊரையும் இணைத்து ஏறத்தாழ 21 கிலோமீட்டருக்குத் தனிப்பாதை ஓடுகிறது. அது அரசு தானாகப் போட்டுக்கொடுத்த பாதை அல்ல. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் காரை மட்டுமே நம்பி வாழ முடியுமா என்று யோசித்த சிலர், 1977 ஜூலையில் பிரிஸ்டலில் ‘சைக்கிள்பேக்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். பொறியாளர் ஜான் கிரிம்ஷா அதில் முன்னின்றார். பின்னாளில் ‘சஸ்ட்ரான்ஸ்’ என்ற பெயரில் நாடறிந்த அறக்கட்டளையாக வளர்ந்தது இந்தக் குழுதான்.

ஊருக்குள் பாதை கேட்பது ஒப்பீட்டளவில் எளிது. ஒரு நகர மன்றத்தின் கதவைத் தட்டினால் போதும். இரண்டு ஊருக்கு நடுவே என்றால் எல்லை மாறும், பொறுப்பு மாறும், நிலத்துக்குச் சொந்தக்காரரும் மாறுவார். இந்தச் சிக்கலுக்குக் குழு கண்ட வழி, இரண்டு ஊருக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் தடம். அதில் பயணிகள் ரயில் 1966-ல் நின்றுபோயிருந்தது. நீராவி என்ஜினால் செங்குத்தான ஏற்றத்தில் இழுக்க முடியாது என்பதால், அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, குன்றைக் குடைந்து தடத்தைச் சமப்படுத்தியிருந்தார்கள். தண்டவாளத்தை எடுத்த பிறகு மிச்சமிருப்பது, பள்ளிப் பிள்ளையும் முதியவரும் மூச்சு வாங்காமல் மிதிக்கக்கூடிய நிலம். ஆனால் அதைக் காலாகாலத்தில் பிடித்தாக வேண்டும். துண்டு துண்டாக விற்றுப்போய், குறுக்கே ஒரே ஒரு வீடு எழும்பினாலும் தொடர்ச்சி அறுந்துவிடும்.

வேலை 1979-ல் தொடங்கி 1986-ல் முடிந்தது. முழுப் பாதைக்கும் பணமும் அனுமதியும் வரட்டும் என்று குழு காத்திருக்கவில்லை. கிடைத்த துண்டில் தன்னார்வலர்கள் இறங்கினார்கள். முடிந்த துண்டில் மக்கள் ஓட்டத் தொடங்கினார்கள். நூறு மனுக்கள் செய்யாததை ஒரு துண்டுப் பாதை செய்யும் என்பது என் உறுதியான எண்ணம். காகிதத்தில் இருக்கும் கோடு அதிகாரிக்குச் செலவுக் கணக்காகத்தான் தெரியும். தினமும் ஆள் போய்வரும் பாதையோ பாதியில் ஏன் நிற்கிறது என்று ஊரையே கேட்க வைக்கும்.

தினமும் ஓட்டும் அந்தப் பழக்கம் பாதைக்குக் காவலாகவும் இருந்தது. பாதையின் ஒரு பகுதியைப் பேருந்துத் தடமாக்கும் திட்டம் 2008-ல் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

பாத் நகரின் தெற்கே இதே வேலை இன்னும் கடினமாக இருந்தது. அங்கே மூடிக் கிடந்தவை இரண்டு ரயில் சுரங்கங்கள். அவற்றில் கூம்ப் டவுன் சுரங்கம் மட்டும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். உள்ளூர்க்காரர்கள் குழு அமைத்து அவற்றைத் திறக்கக் கேட்டார்கள். 2007 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் சஸ்ட்ரான்ஸ் வென்ற 5 கோடி பவுண்டு லாட்டரி நிதியில் இந்தத் திட்டத்துக்கும் பங்கு கிடைத்தது. 2013 ஏப்ரலில் சுரங்கங்கள் திறந்தன. நான் இங்கே முக்கியமாகக் கருதுவது நிதியை அல்ல. நிதி வந்த நேரத்தில் திட்டமும் ஆதரவும் கையில் தயாராக இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளின் அலுப்பூட்டும் கூட்டங்கள்தான் அதைச் சாத்தியமாக்கின.

எல்லாம் இப்படி முடியவில்லை. 1995-ல் சஸ்ட்ரான்ஸுக்கு 4 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்த லாட்டரி நிதியில் நாடு தழுவிய சைக்கிள் வலைப்பின்னல் வேகமாக வளர்ந்தது. 2000-ல் அதன் நீளம் சுமார் 8,000 கிலோமீட்டர். ஆனால் அதில் பல வழிகள் வண்டிகள் பறக்கும் சாலையோரத்தில் நட்ட வெறும் பெயர்ப்பலகைகள். 2018-ல் சஸ்ட்ரான்ஸே மதிப்பிட்டுப் பார்த்து, கிட்டத்தட்ட பாதி வலைப்பின்னல் மோசமான நிலையில் இருப்பதை ஒப்புக்கொண்டது. 2020-ல் ஏறத்தாழ கால்வாசியை நீக்கியது அல்லது தரமிறக்கியது. வலிக்கும் முடிவு, ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்பத் துணியாத சாலையைச் சைக்கிள் வழி என்று வரைபடத்தில் காட்டுவது தவறு.

இப்போது உள்ளூர்க் குழுக்களின் கையில் இருக்கும் வேலைகளில் ஒன்று தடுப்புக் கம்பிகளை அகற்றுவது. மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்கப் பாதையின் வாயில்களில் வைத்த கம்பிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சக்கர நாற்காலியும், மூன்று சக்கர சைக்கிளும், குழந்தை இழுவண்டி பூட்டிய சைக்கிளும் அவற்றைத் தாண்ட முடியாது. கம்பியை எடுத்தால் மோட்டார் சைக்கிள் வரும் என்ற அக்கம்பக்கத்தாரின் அச்சம் நியாயமானதே. அதனால் ஒவ்வொரு வாயிலுக்கும் அவர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. புதுப் பாதை போடும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். பாதை ஏற்கெனவே போட்டு முடிந்த ஊர்களில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.